ஊற்றுக்கண்ணின் ஊருக்குப் போகிறவளுக்கு

இணுவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு 34 வயது. முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். கணவர் ஆறு வருடமாக ஐக்கிய அரபு எமிரேட்ஸில், அல் ஐன் என்ற ஊரில், மின்வேலை செய்யும் ஒரு கம்பனியில் இருக்கிறார். இப்போதுதான் எங்களுக்குக் குடும்ப விசா சரிவந்தது. மகளுக்கு 9, மகனுக்கு 4. மகனுக்கு மாரி காலத்தில் முட்டு (ஆஸ்துமா) வரும், பம்ப் பாவிக்கிறோம். பள்ளிக்கூடம் ஓகஸ்ட் கடைசியில் தொடங்குகிறதாம். 'பிள்ளையளைக் கொண்டுபோய்க் கருவாடு போடப்போறியோ' என்கிறார் மாமி. 'காண்டாவனத்தைத் தாங்கின எங்களுக்கு அது ஒரு வெயிலோ' என்கிறார் கணவர். டுபாயில் இருந்து வந்த சின்னம்மாவின் மகள், 'மணலைத் தவிர ஒண்டும் இல்லை, வீட்டுக்குள்ளதான் கிடக்கவேணும்' என்கிறாள். யாரை நம்புவது? மற்றது, ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வளவு முருங்கையில் ஒரு தடி வெட்டிக் கொண்டுபோகலாமா?"

பிள்ளை, கருவாட்டுக் கதையை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் புறப்பட்டபோது என் மாமியும் அதைத்தான் சொன்னார். அல் ஐனில் ஒரு கிளினிக்கில் ஒன்பது வருடம் குடும்ப வைத்தியராக இருந்தேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் நடை பழகினார்கள். ஒருவரும் காயவில்லை.

மாமி சொல்வது பிழை. உங்கள் கணவர் சொல்வதும் பிழை, அதுதான் கூடிய ஆபத்தான பிழை. சின்னம்மாவின் மகள் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. ஆனால் அது மணலின் குற்றமில்லை. என்னிடம் வந்த எங்கள் ஊர்ப் பெண்களில் வெயில் பட்டு வருத்தக்காரர் ஆனவர்கள் மிகக் குறைவு. வெயிலுக்குப் பயந்து ஏசி அறைக்குள் கிடந்து வருத்தக்காரர் ஆனவர்கள்தான் அதிகம். அதை இரண்டாவதாகச் சொல்கிறேன். முதலில் வெயில்.

யாழ்ப்பாணத்து வெக்கை ஈரமான வெக்கை. சித்திரை வைகாசியில் 34, 35 பாகை காட்டும்போது காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் முதுகில் வழிகிறது. புழுங்குகிறது, அவிகிறது என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். உடம்பு படும் பாடு கண்ணுக்குத் தெரிகிறது. அல் ஐன் கடலில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அபுதாபி அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர், டுபாய் அதைவிடக் கொஞ்சம் கிட்ட. அந்த இரண்டு கரையோர நகரங்களிலும் கோடையில் எங்கள் புழுக்கம் போலவே, அதைவிட மோசமாகவும் இருக்கும். அல் ஐனில் ஜூலையில் 45 பாகை வரும், ஆனால் காற்று உலர்ந்தது. வியர்வை தோலுக்கு வந்த உடனேயே ஆவியாகிவிடும். நெற்றியைத் துடைத்துப் பார்த்தால் ஈரமே இராது. அதனால் 'எனக்கு வேர்க்கவே இல்லை' என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மாலையில் கறுப்புச் சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். உடம்பில் இருந்து போன தண்ணீருக்கு அந்த உப்புக்கோடுதான் சாட்சி.

நானே இதில் ஏமாந்தவள். போன முதல் ஜூலையில், பின்னேரம் மூன்று மணிக்கு, ஒரு கட்டு வெங்காயத்தாள் வாங்கக் கடைக்கு நடந்தேன். பத்து நிமிட நடை. 'யாழ்ப்பாணத்தாளுக்கு வெயில் பெரிசோ' என்ற நினைப்பு. தலையில் துணிகூட இல்லை. கடைக்குள் நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்கார மலையாளத்துப் பெரியவர் ஒரு அரிசி மூட்டையில் என்னை இருத்தி, லபானில் உப்புப் போட்டுக் கலக்கித் தந்தார். லபான் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் மோர்தான். குடித்து முடித்ததும், 'இந்த நேரத்தில் நாய்கூட வெளியே வராதே, டொக்டர்' என்றார். டொக்டர் என்று அவர் சொன்னதில்தான் எனக்கு வெட்கம்.

அந்த நாட்டுச் சட்டமே அவர் பக்கம்தான். ஒவ்வொரு வருடமும் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, நண்பகல் 12.30 இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கக்கூடாது. உங்கள் கணவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டி. கோடையில் காலை பத்துக்குப் பிறகும் மாலை ஐந்துக்கு முன்னும் பிள்ளைகளுக்கு வெளி விளையாட்டு வேண்டாம்.

எப்போது போவது? பள்ளிக்கூடம் மட்டும் இல்லையென்றால் ஒக்டோபர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடம் காத்திராது, சரி. அப்படியானால் தொடங்குவதற்கு முதல் நாள் போய் இறங்காமல் இரண்டு கிழமை முன்னதாகப் போங்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாள் எடுக்கும். அந்த நாட்களில் உள்ளே பெரிய மாற்றம் நடக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை முன்னையதைவிட வேளைக்கே சுரக்கத் தொடங்கும், அதிலே போகிற உப்பும் குறையும். யாழ்ப்பாணத்து உடம்பு ஏற்கெனவே பாதி பழகிய உடம்பு, கனடாவில் இருந்து வருகிற உடம்பைவிட உங்களுக்கு வேலை குறைவு. கணவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் நாள் முழுக்க 20 பாகைக் குளிரில் இருந்தால் இந்தப் பழக்கம் வராது, வந்ததும் சில கிழமைகளில் போய்விடும். அதனால் முதல் நாளில் இருந்தே ஏசியை 24, 25 இல் வையுங்கள். காலை ஆறு மணிக்கும் இருட்டினபிறகும் பிள்ளைகளோடு வெளியே கொஞ்சம் நடவுங்கள், முதல் நாள் பத்து நிமிடம், பிறகு பதினைந்து, இருபது.

ஏசியே வேண்டாம், எங்கள் வீட்டில் போல் ஃபேன் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. தோலின் சூடு 35 பாகை அளவில்தான். 40 தாண்டிய காற்றை ஃபேன் உங்கள்மேல் அடித்தால் அது குளிராது, அடுப்படியில் நின்று விசிறுவது போல உடம்பை மேலும் சூடாக்கும். அங்கே ஏசி ஆடம்பரம் இல்லை.

தண்ணீரை இத்தனை போத்தல் என்று கணக்கு வைத்துக் குடிக்க வேண்டாம். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதுமானது. தேயிலைச் சாயம் போலப் போனால் பிந்திவிட்டீர்கள். தாகம் வந்தபின் குடிப்போம் என்று விளையாடுகிற பிள்ளை இருந்துவிடும், ஆகவே நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். உப்புக் குளிசை ஒன்றும் வேண்டாம், எங்கள் கறியில் இருக்கிற உப்பே காணும். நன்றாக வியர்த்த நாளில் மோர் அல்லது உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். வயிற்றோட்டம் என்றால் மட்டும் ஜீவனி (பைக்கற்றில் வருகிற உப்புச்சீனிக் கரைசல் தூள்). கோடை கூடிய நாடுகளில் சிறுநீரகக் கல் அதிகம். யாழ்ப்பாணத்தில் கல் என்றால் உடனே கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பில் பழிபோடுவோம். அல் ஐனில் குடிப்பது பெரும்பாலும் கடல்நீரை உப்பகற்றி எடுத்த தண்ணீர், அதைக் குடிப்பவர்களுக்கும் கல் வருகிறது. குடிக்கிற அளவு குறைவதுதான் முதல் காரணம். அந்தத் தண்ணீர் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். மகள் முதல் கிழமை 'இதில ருசியே இல்லை' என்று மூக்கைச் சுளிப்பாள், விடுங்கள். எங்கள் தாளையடியிலும் இப்போது கடல்நீரை உப்பகற்றுகிற அதே வேலைதானே நடக்கிறது.

குழாயைப் பற்றி ஒரு வீட்டு இரகசியம். கோடையில் மொட்டைமாடித் தாங்கி கொதித்துக் கிடக்கும். 'குளிர்' என்று எழுதிய குழாயைத் திறந்தால் கை பொத்துகிற தண்ணீர் வரும். பழகியவர்கள் குளியலறைச் சுடுநீர்க் கருவியை மே மாதமே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கிற அந்தக் கருவியில் தேங்கிய தண்ணீர் ஏசியில் ஆறியிருக்கும். ஆகவே கோடையில் 'சுடுநீர்' குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர். நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு கோடை எடுத்தது. நீங்கள் மகனைக் குளிக்க வார்க்க முன் எப்போதும் கையை வைத்துப் பாருங்கள்.

இனி இரண்டு விடயம் விளையாட்டில்லை.

ஒன்று, வெப்ப அதிர்ச்சி. தலையிடி, சோர்வு, சத்தி, தசைப்பிடிப்பு என்றால் உடம்பு எச்சரிக்கிறது, நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளியும். ஆனால் ஒருவர் உளறத் தொடங்கினால், நடை தடுமாறினால், கூப்பிட்டால் சரியாக மறுமொழி சொல்லாவிட்டால் உட்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்றிருக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், வேர்த்துக்கொண்டே இருப்பவருக்கும் வரும். 998 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை சும்மா இருக்காமல் உடுப்பைத் தளர்த்தி, ஆளைத் தண்ணீரால் நனைத்து, விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் கமக்கட்டிலும் வையுங்கள். நினைவு சரியில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது, இது காய்ச்சல் இல்லை.

மற்றது கார். நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் சூடு பத்துப் பாகை அளவில் ஏறிவிடும். 'ஒரு நிமிஷம், பாண் வாங்கிக்கொண்டு ஓடிவாறன்' என்று பிள்ளையை உள்ளே விட்டுப் போகக் கூடாது, நித்திரையில் இருந்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் நித்திரையாகிவிடுகிற பிள்ளைகளை இறக்காமல் விட்டுப் பறிகொடுத்த கதைகள் வளைகுடாவில் உண்டு. ஆகவே மகன் ஒருநாள் வரமாட்டான் என்றால் பள்ளிக்கூடத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாமல் வராவிட்டால் உங்களுக்கு அழைக்கச் சொல்லிவையுங்கள். இருக்கைப் பட்டியின் இரும்பும் சுடும். மகனின் பம்பையும் காரில் விட வேண்டாம், அது அழுத்தம் உள்ள குப்பி.

இனி மகனின் முட்டு வருத்தம் பற்றி. உலர் காற்று சில பிள்ளைகளுக்கு நல்லதாகவே செய்கிறது, மாரி ஈரமும் பூஞ்சணமும் இல்லையே. ஆனால் தூசு உண்டு. சமால் என்ற வடமேற்குக் காற்று எழும்பினால் எங்கள் சோளகம் செம்மண்ணை வாரிக் கொண்டுவருவதைப் போலப் பத்து மடங்கு. அன்று கதவடைத்து, கதவின் கீழ்ச் சந்தில் ஈரத்துணி போட்டு, பிள்ளையை உள்ளே வைத்திருங்கள். ஏசியின் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். நான் பார்த்த 'பாலைவன முட்டு'களில் பாதி இந்த வடிகட்டிக்குள்தான் இருந்தது. போவதற்கு முன் இப்போதே கிளினிக்கில் காட்டி, நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்று வாங்கி, இரண்டு மாத மருந்தைக் கடைப் பெட்டியோடு கைப்பையில் கொண்டுபோங்கள். கொடீன், ட்ரமடோல் கலந்த வலி மருந்து ஒன்றும் பையில் இருக்கக் கூடாது. அங்கே அவை கட்டுப்படுத்தப்பட்டவை, முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வில்லங்கம். மாமிக்கு முழங்கால் நோவுக்கு எழுதித் தந்த குளிசை உங்கள் பைக்குள் தவறி வந்துவிடாமல் பாருங்கள். கசகசாவும் அங்கே தடை. கறித்தூளில் அதைப் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த முறை போடாமல் அரையுங்கள். ஒடியல் மா, பினாட்டு, புழுக்கொடியல் எல்லாம் தாராளமாகப் போகலாம், நான் கொண்டுபோயிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், உலர் காற்றில் அது சாதாரணம். தலையை அண்ணாந்து பிடிக்காமல் முன்னுக்குக் குனியவைத்து மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரவில் மூக்கின் வாசலில் கொஞ்சம் வாசலின். குளித்த ஈரம் முழுதும் காயமுன் தோலுக்குத் தேங்காயெண்ணெய் போடுங்கள்.

ஒரு விடயம் உங்களுக்கு மட்டும். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் பெரியவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுப்பார்கள், இரத்தமும் சோதிப்பார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் படம் எடுக்கமுன் வாய் திறந்து சொல்லுங்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு சேர்கிற குடும்பம், அதனால் எழுதுகிறேன்.

இனி அந்த அறை.

என்னிடம் வருகிற ஊர்ப் பெண்களின் கதை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கணவர் ஆறரைக்கு வேலைக்கு. பிள்ளைகள் ஏழுக்கு பஸ்ஸில். பிறகு கதவு பூட்டு, திரைச்சீலை மூடு, ஏசி 18 இல், போனில் ஊர்ச் செய்தி. மூன்று மாதத்தில் உடம்பெல்லாம் நோகுது, நித்திரை வரவில்லை, முடி கொட்டுது, காரணமில்லாமல் அழுகை வருது. வருடத்தில் பெரும்பாலான நாளும் வெயில் எறிக்கிற நாட்டில் இரத்தத்தைச் சோதித்தால் விற்றமின் டி காலடியில் கிடக்கும். மருந்து எழுதலாம், எழுதினேன். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு நான் உண்மையில் சொல்லியது, 'நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வீட்டைவிட்டு இறங்குங்கோ' என்பதுதான். இங்கே கிணற்றடியிலும் வேலியடியிலும் கோயில் வீதியிலும் நடக்கிற கதைகளுக்கு எவ்வளவு பெறுமதி என்பது அந்த மூடிய அறையில்தான் தெரியும். இந்தக் கதை உங்களுக்கு நடக்கக் கூடாது. நீங்கள் முன்பள்ளி ஆசிரியை, நாலு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர். உங்கள் கட்டடத்திலேயே தமிழோ மலையாளமோ பேசும் தாய்மார் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்களின் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கூடிப் படிக்க வந்த பிள்ளையின் பின்னால் தாயும் வருவாள்.

மணலைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறாளே சின்னம்மாவின் மகள், அவளை அல் ஐனுக்கு ஒருமுறை கூப்பிடுங்கள். அரபு மொழியில் 'ஐன்' என்றால் கண். ஊற்று என்றும் பொருள். நாங்களும் கிணற்றில் ஊற்றுக்கண் என்கிறோமே, அதே கண். ஊரின் நடுவில் ஒரு இலட்சத்துக்கு மேல் பேரீச்சை மரங்கள் நிற்கிற பெரிய சோலை இருக்கிறது. உள்ளே மண்மதில்களுக்கு இடையில் ஒழுங்கைகள், எங்கள் கிடுகுவேலி ஒழுங்கை மாதிரியே வளைந்து வளைந்து போகும். நீங்கள் போகிற மாதத்திலேயே மாலையில் அங்கே போகலாம், வெளியே நிற்பதைவிட நிழலுக்குள் சூடு குறைவு. முதன்முதலாக அதற்குள் நடந்தபோது எனக்குக் கோண்டாவில் வாழைத்தோட்டம் ஞாபகம் வந்தது.

சோலையில் ஓடுகிற வாய்க்காலைப் பாருங்கள். அதற்கு பலாஜ் என்று பெயர். மலையடியில் நிலத்துக்கடியில் இருக்கிற நீரைத் தோண்டிப் பிடித்து, மெல்லிய சரிவில், பம்ப் இல்லாமல், கிலோமீற்றர் கணக்கில் கொண்டுவருகிற கால்வாய். அல் ஐன் ஹீலிப் பகுதியில் ஏறத்தாழ 3000 ஆண்டு பழைய பலாஜ் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஊரின் சோலைகளையும் பழைய இடங்களையும் யுனெஸ்கோ 2011 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் என்னைக் கவர்ந்தது தண்ணீரைப் பங்கிடுகிற முறை. இன்ன தோட்டத்துக்கு இன்ன நேரம் என்று பகலில் நிழலை அளந்தும் இரவில் நட்சத்திரம் பார்த்தும் முறை வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியில் 'பங்குக் கிணறும் வழி வாய்க்காலும்' என்று எழுதி, துலா மிதிக்கிற முறைக்குச் சண்டையும் பிடித்த பரம்பரைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆறில்லாத ஊரார் நாங்கள். நிலத்தடித் தண்ணியின் அருமை தெரிந்தவர்கள் அங்கே அவ்வளவு அந்நியப்பட மாட்டார்கள்.

பேரீச்சையும் எங்களுக்கு உறவுதான். பனையைப் போலவே ஆண் வேறு, பெண் வேறு. ஆனால் பனைக்குச் செய்யாத ஒரு வேலையை அங்கே செய்கிறார்கள். ஆண்பாளையின் பூங்கீற்றைக் கொண்டுபோய்ப் பெண்பாளைக்குள் கையால் செருகிக் கட்டுகிறார்கள். தை, மாசி, பங்குனியில் போனால் பார்க்கலாம். எங்கள் ஆட்கள் காலில் தளநார் போட்டு ஏறுவது போல அவர்கள் இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கயிறு போட்டு ஏறுவார்கள். நாங்கள் குரும்பை, நுங்கு, சீக்காய், பழம் என்று பருவத்துக்கொரு பெயர் வைத்திருப்பது போல அவர்களிடம் கிம்ரி, கலால், ருதப், தம்ர். நீங்கள் போய் இறங்கும்போது ருதப் காலம், பாதி தேனாகிப் பாதி கடிபடுகிற பழம். காய்ந்த பேரீச்சம்பழத்தை மட்டும் தெரிந்த ஒருவருக்கு அது வேறு பழம்.

இன்னொரு உறவைச் சொல்ல வேண்டும். பாலைவனத்து மேட்டில் தனியாக, கிளை தாழ்ந்து, பச்சையாக ஒரு மரம் நிற்கும். காஃப் என்பார்கள், அந்த நாட்டின் தேசிய மரம். 2019 ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது அதைத்தான் சின்னமாக வைத்தார்கள். நான் இரண்டு வருடம் அதைக் காஃப் என்றே பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் இலையைக் கிள்ளிப் பார்த்த ஒரு தமிழ்நாட்டுத் தாதி சொன்னார், 'இது வன்னிதானே அக்கா.' விஜயதசமியன்று மானம்பூவில் வாழையோடு நட்டு வைப்பார்களே, அதே வன்னி மரம்! அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு என் வீட்டுப் படத்தடியில் பாலைவனத்து வன்னிக் கொப்பு இருந்தது. (உதிர்ந்து கிடந்த சிறு கொப்புத்தான். மரத்தில் முறித்தால் குற்றம், நீங்கள் முறிக்க வேண்டாம்.)

மாதக் கணக்கை ஊரில் இருந்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மாரி தொடங்கி நாங்கள் வீட்டுக்குள் ஒதுங்குகிற ஒக்டோபர் கடைசியில்தான் அங்கே கதவு திறக்கும். மார்ச் முடியும்வரை வெளியே வாழலாம். ஜபல் ஹபீத் என்ற 1200 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலையில் காரிலேயே ஏறலாம். அதன் அடிவாரத்தில் ஏறத்தாழ 5000 ஆண்டு பழைய கல்லறைகள் உண்டு, மகள் வரலாறு படிக்கிற வயதில் காட்டுங்கள். கீரிமலையில் குளிர்ந்த ஊற்று, அங்கே முபஸ்ஸராவில் மலையடியில் சுடுநீர் ஊற்று. மார்கழியில் காலை நனைத்துக்கொண்டு இருக்கச் சுகம். ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். சிரிக்காதீர்கள், குளிர்கால இரவில் மணல் வெளியில் 12 பாகைக்கும் கீழே போகும். மணல் சூட்டை வைத்திருக்காது, பொழுதுபட்டதும் விட்டுவிடும். அந்த மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டம் நெடுஞ்சாலையில் கண்ணை மறைக்கும், பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

மணல் மேட்டுக்குப் போகும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். மணற்காட்டுக்குப் போய், மணலில் புதையுண்ட பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஊருக்குள்ளேயே ஒரு குட்டிப் பாலை அது. புறப்பட முன் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்று அவர்களுக்கு அங்கேயே தெரியும். அல் ஐனில் அது தொடுவானம் வரை. தெரு முடிந்து மணலுக்குள் கார் இறக்குவதென்றால் தனி வண்டியாகப் போகக் கூடாது. ரயர்க் காற்றைக் குறைக்காமல் இறங்கவும் கூடாது. புதைந்துவிட்டால் வண்டியை விட்டு நடக்கத் தொடங்கக் கூடாது, வண்டி தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியும், மனிதர் தெரியமாட்டார். கணவருக்கு மணலில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் தெருவோரத்து மேடே போதும், பிள்ளைகளுக்கு உருண்டு விளையாட அதுவே காணும். கழற்றி வைத்த சப்பாத்தைப் போடமுன் தட்டிப் பாருங்கள், தேள் இருக்கும். எங்கள் சுருட்டை விரியனின் உறவுக்காரரும் அங்கே உண்டு, ஆகவே இருட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

மழையைப் பற்றியும் ஒன்று. வருடம் முழுக்க 100 மில்லிமீற்றர்கூடப் பெய்யாத இடம்தான். ஆனால் 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கத்தில் ஹத்ம் அல் ஷக்லாவில் 24 மணித்தியாலத்துக்குள் 254.8 மில்லிமீற்றர் கொட்டியது, பதிவு வைக்கத் தொடங்கிய 75 வருடத்தில் அந்த நாடு காணாத மழை. வாதி என்கிற காய்ந்த ஆற்றுப்படுக்கைகளில் வெள்ளம் ஒரு நொடியில் வரும். மேலே மலையில் கறுத்தால், நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும், வாதியில் கம்பளம் விரித்துச் சாப்பிட இருந்தவர்கள் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும்.

நோன்பு மாதத்தில் பகலில் வெளியிடத்தில் சாப்பிடாமல் குடிக்காமல் இருப்பது மரியாதை. பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. கோயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமி கேட்பார். 2024 பெப்ரவரியில் அபுதாபி எமிரேட்டில் பெரிய இந்துக் கோயில் ஒன்று திறந்தார்கள். லீவு நாளில் போய்வரலாம்.

கடைசியாக முருங்கை. தடி வெட்டிக் கொண்டுபோக வேண்டாம். செடி கொடிக்கு அங்கே தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், விமான நிலையத்தில் பறித்துக் குப்பையில் போட்டால் உங்களுக்குத்தான் மனவருத்தம். அல் ஐனில் முருங்கை நன்றாக வரும், மலையாளத்து ஆட்களின் முற்றத்தில் நிற்பதை நீங்களே காண்பீர்கள். கதவைத் தட்டி ஒரு தடி கேளுங்கள், ஒருவரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கிடைத்த உடனே நட்டுவிடாமல் ஒக்டோபர் வரை பொறுங்கள். மதிலின் கிழக்குப் பக்கமாக, பின்னேர வெயில் படாத இடத்தில் நட்டு, பொழுதுபட்ட பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். பகலில் ஊற்றினால் குழாயில் வருகிற சுடுதண்ணீரில் வேர் அவிந்துவிடும். எனக்கு முதல் இரண்டு தடியும் அப்படித்தான் போனது.